சைக்கிள் முனகுகிறது!

சைக்கிளுக்கு மணி ஒன்று வைத்திருக்கிறார்கள். நாம் விரும்பும்போது மணி ஒலிக்க வேண்டும். மற்றப் பாகங்களெல்லாம் மௌனமாயிருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் வண்டி வாங்கி நாலைந்து வருஷம் ஆனதும் இந்த ஏற்பாடு தலைகீழாக மாறிவிடுகிறது. மணி வாய் திறப்பதில்லை. மற்ற எல்லாப் பாகங்களும் பேச ஆரம்பிக்கின்றன. இது நம் ஊர்களில் வெகு காலமாக வழங்கிவரும் ஹாஸ்யந்தான். வேடிக்கை என்னவென்றால், ஹாஸ்யம் பழகிப் போனதுபோல் சப்தமும் நமக்குப் பழகிப் போய்விடுகிறது. "சைக்கிள் என்றால் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு மேலே மிதித்துக்கொண்டு போகிறோம்.

சைக்கிள் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. நன்றாகப் பூட்டி, நன்றாக எண்ணெய் இட்ட சைக்கிளைப்போல் சாதுவான யந்திரம் உலகத்தில் வேறொன்று கிடையாது. அது 'கடக்' என்றாலும் 'கிரீச்' என்றாலும் அதற்கு ஒரு காரணம் இருந்தே தீரும். அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்கத் துப்பறியும் நிபுணர் வேண்டாம். இரண்டு காதும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

சந்தைக்குப் போகும் வண்டி

தேனி ஜில்லாவில், வராக நதி பாயும் பெரியகுளத்துக்கு அடுத்தாற்போல் இருக்கிறது வடுகபட்டி. வெள்ளைப்பூண்டுச் சந்தைக்குப் பேர்போன ஊர். கொடைக்கானல் மலையில் விளையும் பூண்டு கீழே இறங்கி வந்து இங்கேதான் விலை பேசப்படுகிறது. லாரியும் வேனும் பெருகிவிட்ட இந்தக் காலத்திலும் சைக்கிளின் உபயோகம் இத்தகைய ஊர்களில் அற்றுப் போய்விடவில்லை. மாணவர்கள் பள்ளிக்கூடம் போவதற்கும், தோட்டத்து வேலைக்காரர்கள் தோட்டத்துக்குப் போவதற்கும், கேரியரில் ஒரு மூட்டையை வைத்துக் கட்டி நாலு தெரு தாண்டுவதற்கும் அதுவே துணை.

இத்தகைய வண்டிக்கு நேரும் கஷ்டங்கள் கொஞ்சமல்ல. மேலே ஓர் ஆள்; பின்னால் ஒரு மூட்டை; சில சமயம் மூட்டைக்கு மேலே ஒரு பையன். கம்பம் பள்ளத்தாக்கிலே ஆடிக் காற்று கிளம்பிவிட்டால் செம்மண் புழுதி சங்கிலிக்குள்ளும் இருசுக்குள்ளும் புகுந்துகொள்கிறது. ஐப்பசியில் மழை வந்தால் அதே புழுதி சேறாகிறது. இவ்வளவையும் சகித்துக்கொண்டு உழைக்கும் வண்டி, எப்போதாவது வாய்விட்டு முனகினால், அது என்ன சொல்கிறதென்று கேட்பது நம் கடமையல்லவா?

கேட்காவிட்டால் நஷ்டம் நமக்குத்தான். பல வீடுகளில் நடப்பது இது: சப்தம் கேட்கிறது. வண்டியை ரிப்பேர்க் கடையில் விடுகிறார்கள். புதுச் சங்கிலி போட்டாகிறது. சப்தம் போகவில்லை. பெடல் மாற்றியாகிறது. அப்போதும் போகவில்லை. இருசும் குண்டுகளும் மாற்றியாகிறது. கடைசியில், சீட்டுக்கு அடியில் இருந்த ஒரு திருகாணியை யாரோ தற்செயலாக முடுக்கியதும் சப்தம் நின்றுவிடுகிறது! இரண்டு நிமிஷ வேலைக்குப் பல நூறு ரூபாய் தண்டம்.

காது செய்யும் மோசம்

இந்தத் தண்டத்துக்குக் காரணம் நம் காதுதான். சப்தம் காற்றிலே ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் தூரம் போகிறது. எஃகிலேயோ சுமார் 5,000 மீட்டர். சைக்கிள் சட்டம் என்பது எஃகுக் குழாய்களை ஒன்றோடொன்று பற்றவைத்த உருவம். ஒரு மூலையில் பிறந்த சப்தம் கண் மூடித் திறப்பதற்குள் எல்லா மூலைக்கும் பரவிவிடுகிறது. அதோடு, உள்ளே கூடாக இருக்கும் குழாய் அந்தச் சப்தத்தைப் பெரிதாக்கியும் காட்டுகிறது. ஆகையால் சீட்டில் உண்டாகும் முனகல் பெடலில் கேட்பதுபோல் தோன்றும். ஹாண்டிலில் உண்டாவது காலடியில் கேட்பதுபோல் இருக்கும்.

வைத்தியர்களுக்கும் ஒரு காலத்தில் இந்தக் கஷ்டம் இருந்தது. நோயாளியின் மார்புக்குள் எந்த இடத்தில் சப்தம் உண்டாகிறதென்று அறிய முடியாமல் திண்டாடினார்கள். பிரான்ஸ் தேசத்து லாயென்னக் என்னும் வைத்தியர் 1816-ஆம் ஆண்டில் ஒரு காகிதத்தைக் குழாய் போல் சுருட்டி ஒரு முனையை நோயாளியின் மார்பிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்துப் பார்த்தார். ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. கைதேர்ந்த மெக்கானிக்குகளும் இதே தந்திரத்தைக் கையாளுகிறார்கள். நீண்ட திருப்புளியின் நுனியை இரும்பிலும் பிடியைக் காதோரத்திலும் வைத்துக்கொண்டு, வேறொருவரை மெதுவாகப் பெடலைச் சுழற்றச் சொல்வார்கள். சப்தம் பிறக்கும் இடத்தை நெருங்க நெருங்க அது கணீரென்று கேட்கும்.

ஏன் முனகுகிறது?

சைக்கிளின் சப்தங்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று முனகல், மற்றொன்று தட்டல்.

காய்ந்துபோன இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று இறுக அழுத்திக்கொண்டிருக்கும்போது, அவற்றை நகர்த்த முயன்றால் முதலில் நகர மாட்டா. பிடிவாதமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். பலம் அதிகமானதும் சட்டென்று வழுக்கும், மறுபடியும் பிடித்துக்கொள்ளும், மறுபடியும் வழுக்கும். இவ்விதம் விநாடிக்குப் பல தடவை நடக்கும்போது 'கிரீச்' என்ற முனகல் உண்டாகிறது. கதவுக் கீல் அழுவதும், ஊஞ்சல் சங்கிலி புலம்புவதும், பிடில் தந்தி வில்லுக்குக் கீழே பாடுவதும் இதே காரணத்தால்தான். பிடில் வாசிப்பவர் வில்லுக்கு ரோஸனம் தடவிப் பிடிவாதத்தை அதிகப்படுத்துகிறார். வண்டிக்காரர் கட்டை வண்டியின் அச்சுக்கு மை போட்டுப் பிடிவாதத்தைக் குறைக்கிறார்.

தட்டல் வேறு விதம். இறுகியிருக்க வேண்டிய இரண்டு பாகங்களுக்கு நடுவே இம்மியளவு இடைவெளி ஏற்பட்டுவிட்டால், பாரம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாறும் ஒவ்வொரு தடவையும் ஒன்று மற்றொன்றை முட்டுகிறது. 'கடக்' என்ற ஓசை கேட்கிறது.

முனகலுக்கு மருந்து எண்ணெய் அல்லது கிரீஸ். தட்டலுக்கு மருந்து முடுக்குதல். இந்த வித்தியாசம் தெரியாமல், தளர்ந்த திருகாணிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பதும், காய்ந்த மரையைப் பலம் கொண்ட மட்டும் முடுக்குவதும் சாதாரணமாக நாம் காணும் காட்சிகள்.

எங்கே அல்ல, எப்போது!

சப்தம் எங்கே வருகிறதென்று காது சொல்லாது. ஆனால் எப்போது வருகிறதென்று தவறாமல் சொல்லும். சைக்கிள் சப்த சாஸ்திரம் முழுவதும் இந்த ஒரு விஷயத்தில் அடங்கியிருக்கிறது.

சாதாரணமான கறுப்புச் சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்னாலுள்ள பெரிய பல்சக்கரத்தில் 44 பற்கள். பின்னால் பிரீவீலில் 18 பற்கள். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் பின் சக்கரம் 44-ஐ 18-ஆல் வகுத்த கணக்குப்படி ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுற்றும். சங்கிலியின் கதை இதற்கு நேர்மாறு. அதில் சுமார் 112 கண்ணிகள் உண்டு. பெடலின் ஒரு சுற்றுக்கு 44 கண்ணிகளே நகரும். ஆகவே சங்கிலி முழுவதும் ஒரு தடவை சுற்றிவரப் பெடல் இரண்டரைச் சுற்றுச் சுற்ற வேண்டும்.

இப்போது சப்தத்தை எண்ணிப் பாருங்கள். பெடல் ஒரு சுற்றுக்கு ஒரு தரம் வந்தால், குற்றவாளி பெடல், கிராங்க், நடு இருசு ஆகியவற்றில் ஒன்று. ஒரு சுற்றுக்கு இரண்டு அல்லது மூன்று தரம் வந்தால் சக்கரத்தைச் சந்தேகியுங்கள். இரண்டு மூன்று சுற்றுக்கு ஒரு தரம் மாத்திரம் 'டக்' என்றால் சங்கிலியில் எங்கேயோ ஒரு கண்ணி மடங்க மறுக்கிறது. எந்தக் கணக்குக்கும் அடங்காமல் இஷ்டப்படி வந்தால், இருசுக்குள்ளே ஒரு குண்டு உடைந்திருக்கக் கூடும். குண்டுகள் இருசோடு சேர்ந்து சுற்றாமல் அதைவிட மெதுவாக உருண்டு வருவதால் அவற்றின் சப்தம் பெடலின் தாளத்துக்கு ஒத்து வருவதில்லை.

பள்ளிக்கூடம் போகும் குழந்தைக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் போதும். பெரியவர்களைவிட விரைவாகக் குற்றவாளியைப் பிடித்துவிடும்.

மூன்று பரீட்சைகள்

கணக்கு முடிந்ததும் பரீட்சை. போக்குவரத்து இல்லாத சமதரையான ரஸ்தா வேண்டும்.

முதலாவது, கொஞ்சம் வேகம் எடுத்துக்கொண்டு மிதிப்பதை நிறுத்திவிடுங்கள். சப்தம் நின்றுவிட்டால் கோளாறு பெடல், கிராங்க், சங்கிலி ஆகியவற்றின் பக்கம். நிற்காவிட்டால் சக்கரம், மட்கார்டு, கேரியர், சீட்டு இவற்றில் ஏதோ ஒன்று. மிதிக்காதபோது பிரீவீல் 'கிட்கிட்' என்று ஒலிப்பது நோயல்ல. அது அதன் சுபாவம்.

இரண்டாவது, சீட்டிலிருந்து எழுந்து நின்றபடி நாலு மிதி மிதியுங்கள். சப்தம் மறைந்ததா? சீட்டின் வில்களையும், அதைப் பிடித்திருக்கும் கவ்வியையும், சட்டத்துக்குள் இறங்கும் சீட்டுக் குழாயையும் கவனியுங்கள். குழாயை வெளியே எடுத்துத் துடைத்து, மெல்லிதாக கிரீஸ் தடவிப் பழைய உயரத்துக்கே இறக்கினால், பெடலில் கேட்டதாக நாம் நினைத்த எத்தனையோ முனகல்கள் மாயமாய் மறைந்து போகும்.

மூன்றாவது, வண்டியை நிறுத்தி இரு கிராங்குகளையும் இரு கைகளால் பிடித்து, சட்டத்தை நோக்கி உள்ளும் புறமும் ஆட்டிப் பாருங்கள். இரண்டும் சேர்ந்தாற்போல் ஆடினால் நடு இருசின் கப் தளர்ந்திருக்கிறது. ஒன்று மாத்திரம் ஆடினால் அந்தப் பக்கத்துக் காட்டர் பின் தளர்ந்திருக்கிறது. இதே போல, முன் பிரேக்கை அழுத்திக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால், ஹாண்டிலுக்குக் கீழே உள்ள கப் தளர்ந்திருப்பது கைக்கே தெரிந்துவிடும்.

ஒரு முக்கியமான நிபந்தனை. ஒரு சமயத்தில் ஒரே ஒரு காரியந்தான் செய்ய வேண்டும். ஐந்து இடத்தில் எண்ணெய் விட்டு, ஆறு திருகாணியை முடுக்கினால் சப்தம் போய்விடலாம். ஆனால் எதனால் போயிற்று என்பது தெரியாது. அடுத்த மாதம் அது திரும்பி வந்தால் மறுபடியும் ஆதியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

பழைய குற்றவாளிகள்

நம் தேசத்துச் சைக்கிள்களில் முதல் சந்தேகத்துக்கு உரிய ஆசாமி காட்டர் பின். ஒரு காலத்தில் பர்மிங்ஹாமிலிருந்தும் நாட்டிங்ஹாமிலிருந்தும் நமக்குச் சைக்கிள்கள் கப்பலேறி வந்தன. 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி ஏற்பட்டு, அம்பத்தூரிலேயே சைக்கிள்கள் உற்பத்தியாகத் தொடங்கின. அப்போதும் அந்தச் சீமை அமைப்பே தொடர்ந்தது. கிராங்கை இருசோடு பிணைக்கும் ஆப்பு போன்ற அந்தச் சிறு ஆணி இன்றும் பல கறுப்புச் சைக்கிள்களில் இருக்கிறது. அதன் முனையில் ஒரு நட்டு உண்டு. நட்டை முடுக்கினால் ஆணி இறுகும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது சரியன்று. ஆணியைச் சுத்தியலால் அடித்து இறக்க வேண்டும். நட்டு அதைத் திரும்பி வராமல் காப்பதற்கே. அடிக்கும்போது கிராங்குக்குக் கீழே ஓர் இரும்புக் குழாயைத் தரையில் ஊன்றி முட்டுக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அடியின் வேகமெல்லாம் இருசுக்குள்ளே உள்ள குண்டுகளின் மேல் இறங்கிக் கப்பில் பள்ளம் விழும். ஒரு சப்தத்தைப் போக்கப் போய் இன்னொன்றைச் சம்பாதித்துக்கொண்ட கதையாக முடியும்.

பெடலின் மரை இரண்டாவது. வலது பெடல் மற்ற ஆணிகளைப்போல் வலஞ்சுழியாக முடுகும். இடது பெடலின் மரை இடஞ்சுழி. மிதிக்க மிதிக்கத் தானே கழன்றுவிடாமல் இருப்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. இதை அறியாமல் இடது பெடலை வழக்கமான திசையில் கழற்றப் பார்க்கிறவர், உண்மையில் அதை இன்னும் இறுக்கிக்கொண்டிருக்கிறார்! கழற்றித் துடைத்து, மரையில் கிரீஸ் தடவித் திரும்ப முடுக்கினால் முனகல் போகும்.

மூன்றாவது போக்ஸ் கம்பிகள். இத்தகைய வண்டிகளில் பெரும்பாலும் முன் சக்கரத்துக்கு 32, பின் சக்கரத்துக்கு 40 கம்பிகள். பின்னால் மூட்டை ஏறுவதால்தான் அங்கே எட்டுக் கம்பி அதிகம். கம்பிகளை இரண்டிரண்டாக விரல்களால் அமுக்கிக்கொண்டே வந்தால் தளர்ந்தது எதுவென்று தெரியும். இரண்டு கம்பிகள் குறுக்கிடும் இடத்தில் உராய்ந்து முனகினால் அங்கே ஒரு சொட்டு எண்ணெய் விடலாம்.

சங்கிலிக்கு ஓர் அளவுகோல் உண்டு. ஒவ்வொரு கண்ணியும் அரை அங்குலம். ஆகவே 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அதற்கு மேல் அரைக்கால் அங்குலம் நீண்டிருந்தால் அந்தச் சங்கிலிக்கு ஓய்வு கொடுத்துவிடுவதே நல்லது.

இவர்களைத் தவிரச் சில்லறைக் குற்றவாளிகளும் உண்டு. சங்கிலியை உரசும் செயின் கவர். மட்கார்டைத் தாங்கும் கம்பி. தளர்ந்த மணி மூடி. ரிம்மில் தட்டும் வால்வு. கேரியரில் இருக்கும் டிபன் பாத்திரத்துக்குள் உருளும் கரண்டி. கிராங்கில் அடிபடும் பூட்ஸ் கயிற்றின் நுனி. வண்டியைப் பிரிப்பதற்கு முன்னால் இவர்களை விசாரித்துவிடுவது உத்தமம்.

ஏழையின் வண்டிக்குத்தான் இந்த வியாதி என்று யாரும் எண்ண வேண்டாம். லட்சக்கணக்கான ரூபாய் விலையுள்ள கார்பன் சைக்கிள்களிலும் நடு இருசு முனகுவது உலகப் பிரசித்தம். சட்டத்தில் மரையின்றி அழுத்திப் பொருத்தும் புது முறை வந்த பிறகு அந்தப் புகார் அதிகமாகிவிட்டது. முனகல் விஷயத்தில் பேதம் கிடையாது.

எண்ணெய் விஷயம்

சமையலறையிலிருந்து தேங்காயெண்ணெய் எடுத்து வந்து சங்கிலிக்கு விடும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. வீட்டு அம்மாளுக்கு எண்ணெய் நஷ்டம், சைக்கிளுக்கும் லாபமில்லை. சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். நாளடைவில் புழுதியோடு கலந்து பிசினாகும். மோட்டாரிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயில் இரும்புத் துகள்கள் கலந்திருப்பதால் அதுவும் கூடாது. சங்கிலியை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, உலரவிட்டு, தையல் மிஷின் எண்ணெயை ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு வீதம் விட்டு, மேலே வழிந்ததைத் துணியால் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் வேண்டியது உள்ளே. வெளியே பளபளப்பது புழுதிக்கு அழைப்பு. பிரேக் கட்டை படும் ரிம்மில் மாத்திரம் தவறிக்கூட எண்ணெய் படக் கூடாது.

அலட்சியம் செய்யக் கூடாதவை

இதுவரை சொன்னவை பெரும்பாலும் காசுக்கும் காதுக்கும் சம்பந்தப்பட்டவை. உயிருக்குச் சம்பந்தப்பட்டவையும் சில உண்டு.

முன் கவையும் சட்டத்தின் மூட்டுக்களும் விரிசல் காணும்போது பல சமயம் முதலில் முனகும். பள்ளத்தில் இறங்கும்போதும், பிரேக் பிடிக்கும்போதும் முன்பக்கத்தில் புதிதாகச் சப்தம் கேட்டால், அன்றைக்கே வண்டியை நிறுத்திப் பாருங்கள். மூட்டுக்களைத் துணியால் துடையுங்கள். பெயிண்டில் மயிரிழை போன்ற கோடு தெரிகிறதா? அந்தக் கோட்டில் துரு கசிந்திருக்கிறதா? பெயிண்ட் சுருங்கியோ உப்பியோ இருக்கிறதா? அப்படியானால் அதில் ஏறவே கூடாது. பின் சட்டம் முறிந்தால் வண்டி நின்றுபோகும். முன் கவை முறிந்தால் ஓட்டுகிறவர் முகம் குப்புறத் தரையில் விழுவார். முன் சக்கரத்தின் நட்டுக்களும், ஹாண்டிலைப் பிடித்திருக்கும் ஆணியும் இதே வகுப்பைச் சேர்ந்தவை.

இன்னொரு விஷயம். வெகு நாளாய்க் கேட்டுக்கொண்டிருந்த சப்தம் யாரும் ஒன்றும் செய்யாமலே நின்றுவிட்டால் சந்தோஷப்பட வேண்டாம். தளர்ந்திருந்த பாகம் அடியோடு கழன்று விழுந்துவிட்டதோ என்று பார்ப்பதே விவேகம்.

தமிழ்நாட்டில் 2001-ஆம் ஆண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காக ஆரம்பித்த இலவசச் சைக்கிள் திட்டம், பின்னர் அரசாங்கப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்புப் படிக்கும் எல்லோருக்கும் விரிந்தது. ஆகவே எத்தனையோ குடும்பங்களில் சைக்கிளை அதிகம் ஓட்டுவது வீட்டுப் பெரியவரல்ல. பதினாறு வயதுப் பெண்ணோ பிள்ளையோதான். அவர்களிடம் வண்டியைக் கொடுக்கும்போது ஒரு ஸ்பானரையும் ஓர் எண்ணெய்ப் புட்டியையும் சேர்த்துக் கொடுங்கள். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்து நிமிஷம், மேலே சொன்ன பரீட்சைகளை அவர்களையே செய்யச் சொல்லுங்கள். பெண் குழந்தைக்கு ஸ்பானர் எதற்கு என்று பாட்டி ஆட்சேபித்தால், நடு ரஸ்தாவில் காட்டர் பின் கழன்றபோது பக்கத்தில் ரிப்பேர்க் கடை இருக்க வேண்டும் என்ற சட்டம் எதுவும் இல்லை என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.